பெட்டி வேண்டாம், கிரானைட்டும் வேண்டாம்: ஒரு வாசகி கேட்கும் அடக்கம்

கேள்வி: எனக்கு வயது 68. பணி நிறைவு பெற்ற தலைமையாசிரியை. திண்டுக்கல் பக்கம் ஒரு கத்தோலிக்கக் கிராமம். இரண்டு வருடத்துக்கு முன் என் கணவர் இறந்தபோது தேக்குப் பெட்டி, உள்ளே வெல்வெட்டு, மேலே கிரானைட் கல்லறை என்று ஊர் மெச்சச் செய்தோம். போன மழையில் கல் ஒரு பக்கமாக இறங்கி வெடித்துவிட்டது. சரிசெய்ய நாற்பதாயிரம் கேட்கிறார்கள். எனக்கு இதெல்லாம் வேண்டாம். ஒரு சேலையில் சுற்றி, எங்கள் ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பில் புதைத்தால் போதும். மேலே ஒரு மரம் இருக்கட்டும். சிங்கப்பூரில் இருக்கும் மகன், காளானில் செய்த பெட்டி வெளிநாட்டில் கிடைக்கிறது, வரவழைக்கலாம் என்கிறான். மதுரையில் இருக்கும் மகள், எரிவாயு தகன மேடைதான் சுத்தம், இடமும் மிச்சம் என்கிறாள். எது மண்ணுக்கு நல்லது? தோப்பில் புதைக்கச் சட்டம் விடுமா? இப்போதே நான் என்ன செய்து வைக்க வேண்டும்?

பதில் (ஓய்வுபெற்ற நகராட்சிச் சுகாதார அலுவலர்):

அன்புள்ள அம்மா,

நகராட்சிச் சுகாதாரப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் 11 ஆண்டுகள் மயானங்களும் எரிவாயு தகன மேடையும் என் பொறுப்பில் இருந்தன. தன் அடக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒருவர் தானே வந்து கேட்டு நான் பார்த்தது மிகக் குறைவு. மகனோ மருமகனோ அழுது வீங்கிய கண்ணோடு வந்து நிற்பார். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிவாக வேண்டும். அந்த அரை மணி நேரத்தில்தான் தேக்கும் வெல்வெட்டும் கிரானைட்டும் உள்ளே நுழைகின்றன. உங்கள் கணவருக்குச் செய்ததை நினைத்து வருந்தாதீர்கள். அன்று உங்கள் கைக்கு எட்டியது அதுதான்.

முதலில் தோப்பு. அந்த ஆசையை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். கிராம ஊராட்சிப் பகுதிகளில் புதைப்பதற்கும் எரிப்பதற்கும் 1999-ஆம் ஆண்டு முதல் தனி விதிகள் இருக்கின்றன. பதிவு பெற்ற, அல்லது உரிமம் பெற்ற இடத்தில் மட்டுமே புதைக்கலாம். குடியிருப்பிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டருக்குள் கூடாது. பட்டா நிலம் என் பெயரில் இருக்கிறது என்று சொல்லி இதைத் தாண்ட முடியாது. உரிமம் இல்லாத இடத்தில் புதைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. உரிமம் கேட்டு ஊராட்சிக்கு விண்ணப்பிக்கலாமே என்பீர்கள். ஒரு புள்ளியைச் சுற்றி 90 மீட்டருக்கு வட்டம் போட்டுப் பாருங்கள், ஆறு ஏக்கருக்கு மேல் வரும். உங்கள் தோப்பு ஒன்றரை ஏக்கர். பக்கத்துக் காட்டுக்காரர் கிணறு, சாலையோர வீடு, ஊராட்சியின் ஆழ்துளைக் கிணறு என ஏதாவது ஒன்று அந்த வட்டத்துக்குள் விழத்தான் செய்யும். எல்லாம் கூடிவந்து உரிமம் கிடைத்தாலும் இருபது வருடம் கழித்துப் பேரப்பிள்ளைகள் தோப்பை விற்க நினைத்தால் என்ன ஆகும்? வாங்குகிறவர் முதலில் கேட்பது, இதை எப்போது எடுப்பீர்கள் என்பதாகத்தான் இருக்கும்.

தோப்பு இல்லையென்றால் உங்கள் ஆசையே போயிற்று என்று நினைக்க வேண்டாம். உங்கள் பங்குக் கோயிலின் கல்லறைத் தோட்டத்திலேயே, இன்றைக்கு இருக்கும் விதிகளுக்குள், நீங்கள் கேட்கும் அடக்கத்தைச் செய்ய முடியும். புதிதாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. வேண்டாதவற்றை விட்டால் போதும். சிக்கல் என்னவென்றால், விடச் சொல்ல அந்த நேரத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். அதனால்தான் இப்போதே சொல்லி வைக்க வேண்டும்.

உங்கள் கணவரின் கல்லறை ஏன் வெடித்தது என்று பாருங்கள். பெட்டிக்குள் காற்று இருக்கிறது. பெட்டி நாளாக நாளாக உளுத்து, மேல் பலகை மண் பாரம் தாங்காமல் உள்ளே விழும். அதன் மேல் மண் இறங்கும், மண்ணின் மேல் நிற்கும் கல்லும் இறங்கும். கொத்தனார் மேல் குற்றமில்லை. ஒரு மழைக்காலம் முழுதாகக் கடக்காத குழியின் மேல் எவர் கட்டினாலும் இதுதான் நடக்கும். இதற்கு மாற்றாகச் சிலர் குழியின் நான்கு பக்கமும் செங்கல் கட்டிச் சிமெண்டு பூசிவிடுகிறார்கள். கல் இறங்காது, உண்மைதான். ஆனால் உடலுக்கும் மண்ணுக்கும் நடுவே சுவர் எழும்பிவிடுகிறது. புதைத்ததாகவே ஆகாது.

பெட்டி இல்லாத அடக்கம் நமக்குப் புதிதில்லை. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்க் கோயிலில் ஊருக்கே பொதுவாக ஒரே ஒரு தூம்பா, அதாவது சவப்பெட்டி, இருந்தது. ஏழையானாலும் பண்ணையாரானாலும் அதில்தான் போவார்கள். குழி வரைக்கும் தூம்பாவில் தூக்கிப்போய், உடலைப் பாயோடு இறக்கிவிட்டு, தூம்பா கோயிலுக்குத் திரும்பிவிடும். நம் இஸ்லாமியச் சகோதரர்கள் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். பள்ளிவாசலுக்குச் சொந்தமான சந்தூக்கில் தூக்கி வருவார்கள். வெள்ளைக் கஃபன் துணியோடு உடல் மண்ணுக்குள் போகும். சந்தூக் அடுத்தவருக்காகத் திரும்பிப் போகும். சுற்றுச்சூழலுக்கு உகந்த அடக்கம் என்று வெளிநாட்டில் இன்று பணம் கொடுத்துத் தேடுகிறார்களே, அது நம் ஊர் மையவாடியில், இஸ்லாமியரின் அடக்கத்தலத்தில், தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. இங்கிலாந்தில் கார்லைல் நகராட்சி மயானத்தில் மரங்களுக்கு நடுவே இப்படிப் புதைக்க ஓர் இடம் ஒதுக்கியது 1993-இல்தான். அமெரிக்காவில் தென் கரோலினாவில் ஒரு மருத்துவர் காட்டுக்குள் இதைத் தொடங்கியது 1998-இல்.

உங்கள் பங்குத்தந்தையிடம் பேசும்போது தயங்க வேண்டாம். பெட்டி இருந்தால்தான் அடக்கத் திருப்பலி என்று திருச்சபை எங்கும் சொல்லவில்லை. இருப்பதிலேயே மலிவான சவப்பெட்டி போதும் என்று கேட்டுப்போன தென்னாப்பிரிக்க ஆங்கிலிக்கன் பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவை நினைவூட்டுங்கள். 2021 டிசம்பரில் அவர் இறந்தபோது, கயிற்றுப் பிடி வைத்த எளிய பைன் மரப் பெட்டியில்தான் வைத்திருந்தார்கள். 2025 ஏப்ரலில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், தன் கல்லறை மண்ணில் இருக்க வேண்டும், அலங்காரம் கூடாது, பெயர் மட்டும் போதும் என்று எழுதி வைத்திருந்தார். அதையெல்லாம் விட, ஒவ்வொரு சாம்பல் புதனன்றும் நம் நெற்றியில் சாம்பல் பூசிக் குருவானவர் என்ன சொல்கிறார்? மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்கிறார். அதை அப்படியே செய்யுங்கள் என்றுதானே நீங்கள் கேட்கிறீர்கள்.

அடுத்தது ஆழம். ஆறடி நிலம் என்று நம்மவர்கள் சொன்னது நீளத்தை. எப்படியோ அது ஆழமாகிவிட்டது. மண்ணில் உயிர் நிறைந்த பகுதி மேலே இருக்கும் மூன்று, மூன்றரை அடிதான். காற்று அங்கேதான் இறங்கும். நுண்ணுயிரும் மண்புழுவும் வேரும் இருப்பது அங்கேதான். ஆறடிக்குக் கீழே காற்று குறைவு; அங்கே தண்ணீரும் தேங்கினால் உடல் மட்காமல் மெழுகு மாதிரி இறுகிப்போவதும் உண்டு. கரிசல் மண்ணில் இதை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் பக்கம் செம்மண், அது உங்கள் பாக்கியம். நான்கடிக் குழி போதும். உடலுக்கு மேல் இரண்டரை அடி மண் மூடினால் வாடையும் வராது, நாயும் தோண்டாது. தோண்டியெடுத்த மண் முழுவதையும் திரும்பப் போட்டுக் குவித்து விடச் சொல்லுங்கள். முதல் மழையில் குவியல் தானாக இறங்கித் தரையோடு சமமாகும். அதுவரை மேலே இரண்டு கருவேல முள்ளைப் போட்டு வைப்பது நம் வழக்கம்தான். ஒரு சந்தேகத்தை மட்டும் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் எத்தனை அடியில் சுக்காம்பாறை வருகிறது, மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் ஊறுமா என்பதைக் குழி வெட்டுகிறவரிடம் கேளுங்கள். எந்தப் பொறியாளரை விடவும் அவருக்குத் தெரியும். குழியின் அடிமட்டம், தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கு மேலே குறைந்தது ஒரு மீட்டராவது இருக்க வேண்டும்.

குழிக்குள் உப்பு கொட்டுவதும் சுண்ணாம்பு போடுவதும் சில ஊர்களில் உண்டு. சீக்கிரம் கரைந்துவிடும் என்று நம்பிச் செய்கிறார்கள். நடப்பது நேர்மாறு. இரண்டுமே மட்குவதைத் தாமதப்படுத்தும், உப்பு மண்ணையும் கெடுக்கும். அதற்குப் பதில் அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த மாவிலை, வைக்கோல் பரப்பச் சொல்லுங்கள், மேலேயும் கொஞ்சம். குப்பைக்குழியில் சாணத்தோடு சருகு சேர்ப்பது எதற்கோ, இதுவும் அதற்குத்தான். உங்கள் தோப்பு உங்களோடு வருவதற்கு இது ஒரு வழி.

இனி துணி. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் நகராட்சி மயானம் ஒன்றில் பழைய பகுதியைத் திரும்பப் பயன்படுத்த வேண்டி வந்தது. பன்னிரண்டு வருடக் குழி ஒன்றைத் தோண்டினோம். உடல் போய்விட்டிருந்தது. சேலை அப்படியே இருந்தது. அரக்கு நிறமும் ஜரிகைக் கரையும் கூடக் கலையவில்லை. பக்கத்தில் நெகிழிப் பூமாலை ஒன்று, நேற்று வைத்தது போல. குழி வெட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டார். பட்டு என்று நாம் வாங்குவதில் பாலியஸ்டர் எவ்வளவு, ஜரிகை என்பதில் நெகிழி எவ்வளவு என்பது அன்றைக்குப் புரிந்தது. கல்யாணப் பட்டைக் கட்டித்தான் அனுப்ப வேண்டும் என்று சொந்தக்காரப் பெண்கள் சொல்வார்கள். உங்கள் பட்டுச் சேலையை மகளுக்கோ பேத்திக்கோ இப்போதே கொடுத்துவிடுங்கள். சின்னாளப்பட்டி உங்களுக்குப் பக்கம்தானே? சுத்தமான பருத்தியா என்று கேட்டு ஒரு கைத்தறிச் சேலை வாங்கி, தனியாக மடித்துப் பெயர் எழுதி வையுங்கள். கோரைப்பாய் ஒன்று. கையில் வைக்கும் செபமாலை மரத்திலோ விதையிலோ செய்ததாக இருக்கட்டும். நைலான் நாடா, தெர்மாகோல் சிலுவை, ஆளுயர ஃப்ளெக்ஸ் பேனர் எதுவும் வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். கதம்பமும் சம்பங்கியும் நாரில் கட்டியதாக இருந்தால் தாராளமாக உள்ளேயே போடலாம்.

மகனின் காளான் பெட்டி பற்றி. அக்கறையோடுதான் தேடியிருக்கிறார், அதைப் பாராட்டுங்கள். நெதர்லாந்தில் காளான் இழையையும் சணல் வகை நாரையும் சேர்த்து வளர்த்த பெட்டியை 2020 முதல் பயன்படுத்துகிறார்கள். நல்ல பொருள்தான். ஆனால் அங்கே அது வார்னிஷ் பூசிய பெட்டிக்கு மாற்று. பெட்டியே வேண்டாம் என்கிற உங்களுக்கு அது எதற்கு? விமானத்தில் வந்து இறங்கும் அந்தக் காளான் செய்கிற வேலையை உங்கள் செம்மண்ணில் இருக்கும் பூஞ்சைகள் கூலி கேட்காமல் செய்யும். சாம்பலைப் போட்டு மரம் வளர்க்கும் கலயங்களையும் அவர் பார்த்திருப்பார். உடல் எரிந்து மிஞ்சும் சாம்பல் பெரும்பாலும் எலும்பின் சுண்ணச்சத்துதான். காரமும் உப்பும் மிகுந்தது, செடிக்கு உரமாகாது. மரம் வளர்வது அதனோடு சேர்த்துத் தரும் மண் கலவையால்.

மகள் சொல்வதை அப்படித் தள்ளிவிட மாட்டேன். நீங்கள் மதுரையிலோ சென்னையிலோ இருந்திருந்தால் நானும் எரிவாயு மேடையைத்தான் சொல்லியிருப்பேன். நகரத்துக் கல்லறைத் தோட்டங்களில் ஒரு குழிக்கு இடமில்லை. திறந்த சிதைக்கு 300, 400 கிலோ விறகு போகும். எரிவாயு மேடை அந்த மரத்தையெல்லாம் காப்பாற்றுகிறது. ஆனாலும் 800 டிகிரிக்கு மேல் சூடேற்ற எரிபொருள் வேண்டும், புகை போக்கி வழியாக ஏதோ வெளியே போகத்தான் செய்யும். உங்கள் ஊரில் இடம் இருக்கிறது, மண் நன்றாக இருக்கிறது, நடந்து போகும் தூரத்தில் தோட்டம் இருக்கிறது. அப்படியிருக்க எரிப்பதற்காக நகரத்துக்கு வண்டி பிடித்துப் போவதில் மண்ணுக்கு லாபமில்லை. இன்னொன்றையும் மகளிடம் சொல்லுங்கள். கத்தோலிக்கர் எரிக்கலாம் என்று திருச்சபை 1963-இலேயே அனுமதி தந்துவிட்டது. ஆனால் சாம்பலைக் கரைப்பதோ தூவுவதோ கூடாது, அர்ச்சிக்கப்பட்ட இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016-இல் வத்திக்கான் சொன்னது. எரித்தாலும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்துதான் ஆக வேண்டும்.

டுட்டுவின் உடலை எரிக்கவில்லை. காரம் கலந்த வெந்நீரில் கரைக்கும் முறையில் செய்தார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம் உடலை உரமாக்க 2019-இல் சட்டம் போட்டது. இவை இரண்டும் உங்கள் ஊரில் நடக்கிற காரியமில்லை.

பிள்ளை வருகிறவரை காத்திருப்பது என்று ஒன்று இருக்கிறது. நல்ல ஏற்பாடுகள் பெரும்பாலும் இங்கேதான் குலையும். உடல் கெட்டுவிடும் என்று பயந்து யாராவது மருந்து ஏற்றச் சொல்வார்கள். பார்மலின் ஏற்றிய உடல் மட்க வெகுகாலம் ஆகும். அந்த மருந்தும் மண்ணுக்குள் இறங்கும். அதில் இருக்கும் பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே வகைப்படுத்தியிருக்கிறது. உங்களுக்கு அது தேவையே இல்லை. சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நான்கு மணி நேர விமானம். வாடகை ஃப்ரீசர் பெட்டியில் ஒரு நாள், இரண்டு நாள் தாராளமாக வைத்திருக்கலாம். உடலை விமானத்தில் கொண்டுபோகிற நிலை வந்தால்தான் மருந்து ஏற்றியாக வேண்டும். கண்தானம் செய்ய விருப்பமா? ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், அடக்கத்துக்கு அது எந்த விதத்திலும் தடையில்லை. பேஸ்மேக்கர் வைத்திருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லி எழுதுங்கள். அதன் பாட்டரி மண்ணுக்குள் போக வேண்டாம்.

மரம். குழிக்கு நேர் மேலே, அதுவும் உடனே நடாதீர்கள். மண் இறங்கும்போது கன்று சாயும், வேர் அழுகும். ஒரு மழைக்காலம் போகட்டும். பிறகு கால்மாட்டில் நடலாம். வரிசையாகக் குழிகள் இருக்கிற தோட்டத்தில் வேம்போ புங்கையோ வைத்தால் பத்து வருடத்தில் பக்கத்துக் கல்லறையைத் தூக்கிவிடும், பங்குப் பேரவையில் சண்டை வரும். உங்கள் குழியில் பவழமல்லியோ நந்தியாவட்டையோ போதும். பெரிய மரம்தான் ஆசை என்றால் சுற்றுச்சுவர் ஓரமாகப் பத்துப் புங்கங்கன்று நட உங்கள் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழுவில்) பேசி இந்த வருடமே நடுங்கள். அதன் நிழலில் நீங்களே உட்கார்ந்து பார்க்கலாம்.

இதையெல்லாம் உயிலில் எழுதி வைக்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். உயிலைப் பிரித்துப் படிப்பது பதினாறாம் நாளுக்குப் பிறகு. அதற்குள் கிரானைட்டுக்கு முன்பணம் கொடுத்திருப்பார்கள். தனியாக ஒரே பக்கத்தில், உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். உங்களிடம் படித்தவர்கள் ஊர் முழுக்க இருப்பார்கள், அந்தக் கையெழுத்தை யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். ஆளுக்கொரு நகல் கொடுங்கள்: மகனுக்கு, மகளுக்கு, பங்குத்தந்தைக்கு, சாவு வீட்டில் முதலில் வந்து நிற்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு. குழி வெட்டுகிறவருக்கு நகல் போதாது. வீட்டுக்கு அழைத்து, காபி கொடுத்து, நேரில் சொல்லுங்கள். அவருக்கான கூலியை ஒரு உறையில் போட்டு அந்தச் சேலையோடு வையுங்கள். பெட்டிக்கு நாற்பதாயிரமும் கல்லுக்கு ஒரு லட்சமும் கொடுக்கிறவர்கள் குழி வெட்டியவரிடம் ஐந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேசியதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆறவே இல்லை. எழுதும் காகிதத்திலேயே மருத்துவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். வீட்டில் இறந்தால் அவர்தான் இறப்புக் காரணச் சான்று தர வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் ஒரு வரி.

மகளை உட்கார வைத்து ஒரு முறை படித்துக் காட்டுங்கள். அவர் அழலாம். அம்மாவை வெறும் மண்ணில் போட்டுவிட்டேன் என்று நாளைக்கு ஊர் பேசுமே என்ற பயம்தான் எரிவாயு மேடை என்று வெளியே வருகிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. இது உங்கள் விருப்பம் என்று ஊர் முன்னால் அன்பியக் கூட்டத்தில் நீங்களே ஒரு முறை சொல்லிவிட்டால் அந்தப் பாரம் அவர் தலையிலிருந்து இறங்கிவிடும்.

கடைசியாக, உங்கள் கணவரின் கல்லறை. நாற்பதாயிரம் செலவு செய்து அந்தக் கல்லைத் திரும்ப நிறுத்தாதீர்கள். தேக்குப் பெட்டி உள்ளே இன்னும் முழுதாக உளுத்திருக்காது, மறுபடியும் இறங்கும். கல்லை எடுத்துவிடுங்கள். பெயர் பொறித்த பகுதியை மட்டும் வெட்டித் தலைமாட்டில் தரையோடு பதித்தால் போதும். பள்ளமான இடத்தில் தோப்பு மண்ணைக் கொண்டுவந்து போட்டுக் குவித்து விடுங்கள். குடும்பக் குழியைத் திரும்பத் திறக்க உங்கள் பங்கில் எத்தனை வருட வழக்கம் என்று பங்குத்தந்தையிடம் கேளுங்கள். அதற்குப் பிறகு உங்கள் காலம் வந்தால் தனிக் குழி தேவையில்லை, அவர் இருக்கும் இடத்திலேயே நீங்களும் போகலாம். முன்பே வந்தால் பக்கத்தில் இடம் கேட்டு வையுங்கள்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் வெள்ளையடிக்க வருவதற்கு முன்பே, ஐப்பசி மழை பிடிப்பதற்குள், அந்தக் கல்லை எடுக்கும் வேலையை முடித்துவிடுங்கள். மழை விட்டதும் போய், மண் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். இன்னும் இரண்டு கூடை மண் தேவைப்படலாம்.